இயற்பியலைக் கைவிட்டு உயிரியலை மட்டும் நம்பலாமா?

மார்ச் 4, வாசகரின் கேள்வி

மருத்துவ நுழைவுத் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். உயிரியல் பாடநூலைப் பலமுறை முழுமையாக வாசித்துவிட்டேன். எந்தப் பக்கத்தில் எந்தப் படம் இருக்கிறது என்பதுகூட நினைவில் இருக்கிறது. ஆனாலும் மாதிரித் தேர்வுகளில் உயிரியல் மதிப்பெண் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இயற்பியலில் பாதிக் கணக்குக்கு மேல் நகர முடிவதில்லை. வேதியியலில் கரிம வினைகள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. மருத்துவருக்கு இயற்பியல் எதற்கு? அதைக் கைகழுவிவிட்டு அந்த நேரத்தையும் உயிரியலுக்கே கொடுத்தால் மொத்த மதிப்பெண் உயரும் என்பது என் முடிவு. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு

மறுப்பு இருக்கிறது. உங்கள் முடிவில் இரண்டு தனிக் கேள்விகள் கலந்து கிடக்கின்றன. பலமுறை வாசித்தும் உயிரியல் மதிப்பெண் ஏன் உயரவில்லை என்பது ஒன்று. இயற்பியலை விட்டுவிடலாமா என்பது மற்றொன்று. முதலாவதை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

எந்தப் பக்கத்தில் எந்தப் படம் என்று சொல்ல முடிவதும், அந்தப் படம் எதை விளக்குகிறது என்று சொல்ல முடிவதும் ஒன்றல்ல. ஏற்கெனவே வாசித்த பக்கத்தை மறுபடி வாசிக்கும்போது வரிகள் தெருவில் அடிக்கடி எதிர்ப்படும் முகங்களைப் போலப் பழகிவிடுகின்றன. பெயரைக் கேட்டால்தான் தெரியாது என்பது தெரியவரும். தேர்வு கேட்பது பெயரைத்தான். 2006ஆம் ஆண்டு ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பத்தியைப் படித்து, மீண்டும் அதையே படித்தார்கள். மறு சாரார் ஒருமுறை படித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், தமக்கு அதிகம் நினைவிருக்கும் என்று நம்பிக்கையோடு இருந்தவர்கள் மீண்டும் மீண்டும் படித்தவர்கள்தாம்.

நான் தயாரான காலத்தில் சிறுநீரகப் பாடத்தை வெற்றுத் தாளில்தான் படித்தேன். ஒரு நெப்ரானை வரைந்து, அதன் ஒவ்வொரு பகுதியிலும் எது திரும்ப உறிஞ்சப்படுகிறது, எது வெளியேற்றப்படுகிறது, எந்த ஹார்மோன் எங்கே செயல்படுகிறது என்று எழுதிய பின்புதான் புத்தகத்தைத் திறப்பேன். வாசிப்பதைவிட இது பல மடங்கு எரிச்சலூட்டும் வேலை. அந்த எரிச்சல் இல்லாத நாள்களில் எதுவும் மனத்தில் ஏறியதாக எனக்கு நினைவில்லை.

மார்ச் 5

"மருத்துவருக்கு இயற்பியல் எதற்கு?" என்ற வரியை இரவு முழுவதும் அசைபோட்டேன். இயற்பியல் பாடநூலைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். குழாயில் பாயும் திரவத்துக்கான சமன்பாட்டைத் தந்த பாய்சொய் ஒரு மருத்துவர். இரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ள முயன்றபோதுதான் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அளக்கத் தொடங்கினார். இரட்டைப் பிளவுச் சோதனையோடும் மீட்சிக் குணகத்தோடும் பெயர் ஒட்டியிருக்கும் தாமஸ் யங் ஒரு மருத்துவர். 1847இல் ஆற்றல் அழியாமையை விரிவாக எழுதிய ஹெல்ம்ஹோல்ட்ஸ் மருத்துவம் படித்தவர். 1851இல் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை அறிமுகப்படுத்தியவரும் அவரே. அவருக்கு முன்னரே, 1842இல், அதே கருத்தை வெளியிட்ட ராபர்ட் மேயர் கப்பல் மருத்துவராகப் பணியாற்றியவர். 1855இல் விரவல் விதியைத் தந்த அடால்ஃப் ஃபிக், 1870இல் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைக் கணக்கிடவும் வழி சொன்னார். நீங்கள் கைகழுவ நினைக்கும் பாடத்தின் கணிசமான பகுதியை மருத்துவர்கள்தாம் உண்டாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் இப்படிச் செய்திராவிட்டால் உங்களுக்குப் படிக்க வேண்டிய அதிகாரங்கள் சில குறைந்திருக்கும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் 5, சற்று நேரம் கழித்து

வரலாற்றைச் சொல்லி வாதத்தில் வெல்லப் பார்க்கிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான கண்டனம். ஆகவே, உயிரியல் வினாவுக்கு விடை சொல்ல இயற்பியல் எப்படித் தேவைப்படுகிறது என்பதையே காட்டுகிறேன்.

பாய்சொய் சமன்பாட்டின்படி, அழுத்த வேறுபாடும் நீளமும் பாகுநிலையும் மாறாதிருந்தால், பாயும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆரம் பாதியானால் பாய்வு 16இல் ஒரு பங்காகும். ஆரம் வெறும் 10 விழுக்காடு குறைந்தாலே 0.9இன் நான்காம் அடுக்கு ஏறத்தாழ 0.66 என்பதால் பாய்வில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். உடல் ஒவ்வோர் உறுப்புக்கும் செல்லும் இரத்தத்தை ஏன் நுண்தமனிகளின் சுவர்த் தசையைச் சுருக்கியும் தளர்த்தியும் கட்டுப்படுத்துகிறது என்ற உயிரியல் வினாவுக்கு இந்த நான்காம் அடுக்குதான் விடை. இதை அறிந்தவர் அந்த வரியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அறியாதவர் மனப்பாடம் செய்தாலும், வினா சற்றுத் திரும்பி வந்தால் தடுமாறுவார்.

இன்னொன்று. நரம்புச் செல்லின் ஓய்வு மின்னழுத்தம் ஏன் எதிர்க்குறியில் இருக்கிறது? செறிவு வேறுபாட்டிலிருந்து மின்னழுத்தத்தைக் கணக்கிட உதவும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை உடல் வெப்பநிலைக்கு எழுதினால், ஒற்றை நேர்மின்சுமை கொண்ட அயனிக்கு, செல்லுக்கு வெளியேயுள்ள செறிவை உள்ளேயுள்ள செறிவால் வகுத்து வரும் எண்ணின் மடக்கையை ஏறத்தாழ 61 மில்லிவோல்ட்டால் பெருக்க வேண்டும். பொட்டாசியம் வெளியே 4, உள்ளே 140 மில்லிமோல் என்றால் விகிதம் 35இல் ஒன்று. விடை ஏறத்தாழ எதிர்க்குறி 94 மில்லிவோல்ட். வெளியேயுள்ள பொட்டாசியம் இரு மடங்கானால் என்ன ஆகும் என்று கேட்டால், மறுபடி முழுக் கணக்கையும் போட வேண்டாம். 2இன் மடக்கை 0.30, 61ஐ அதனால் பெருக்கினால் 18. மின்னழுத்தம் 18 மில்லிவோல்ட் அளவுக்குச் சுழியை நோக்கி நகரும். இரத்தத்தில் பொட்டாசியம் மிகுவது இதயத் துடிப்புக்கு ஏன் ஆபத்து என்ற கேள்விக்கான முதற்படி இதுவே.

மார்ச் 7

வேதியியலுக்கு வருகிறேன். கரிம வினைகள் குழம்புவதற்குக் காரணம், அவற்றைப் பெயர்ப் பட்டியலாகப் படிப்பது. வினைகளின் பெயர்கள் ஏராளம். ஆனால் எலக்ட்ரான் செறிந்த இடம் எலக்ட்ரான் குறைந்த இடத்தை நாடுகிறது என்ற ஒரே நிகழ்ச்சி அவற்றில் பெரும்பாலானவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. கார்பனைல் தொகுதியில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் கார்பன் சற்று நேர்மின்தன்மை பெறுகிறது. ஆகவே எலக்ட்ரான் இணையுள்ள எதுவும் அங்கே வந்து சேர முயலும். ஆல்டிஹைடைவிடக் கீட்டோன் ஏன் மந்தமாக வினைபுரிகிறது? இரண்டு ஆல்கைல் தொகுதிகள் அந்தக் கார்பனுக்கு எலக்ட்ரான்களை ஓரளவு தருகின்றன, வழியையும் அடைத்துக்கொள்கின்றன. குளுக்கோஸ் தானாக வளையமாவது எப்படி? அதன் 5ஆம் கார்பனிலுள்ள ஹைட்ராக்சில், 1ஆம் கார்பனிலுள்ள ஆல்டிஹைடைத் தாக்குகிறது. ரைபோசோமில் புரதச் சங்கிலி நீள்வது எப்படி? ஓர் அமினோ அமிலத்தின் நைட்ரஜன் மற்றொன்றின் கார்பனைல் கார்பனைத் தாக்குகிறது. கரிம வேதியியல் புத்தகத்திலும் உயிரியல் புத்தகத்திலும் தனித்தனியாகப் படித்த மூன்று செய்திகள் இங்கே ஒன்றாகிவிட்டன.

ஒரு நடைமுறை யோசனை. வினையின் பெயரை மறைத்துவிட்டு, தொடக்கப் பொருளை மட்டும் தாளில் எழுதி, எலக்ட்ரான்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள். விளைபொருள் சரியாக வந்தால் பெயரைப் பார்க்கலாம். பெயர் மட்டும் நினைவிருந்து அம்புக்குறி வராத வினையைப் படிக்காத வினையாகவே கணக்கில் வையுங்கள்.

மார்ச் 8

அமிலமோ காரமோ சேர்ந்தாலும் பிஎச் அதிகம் மாறாத தாங்கல் கரைசலின் கணக்கைப் பற்றித் தனியாக எழுதச் சொல்லி ஒருவர் கேட்டிருந்தார். இரத்தத்தையே எடுத்துக்கொள்வோம். பைகார்பனேட் 24 மில்லிமோல்; கார்பன் டைஆக்சைடின் பகுதி அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசம், அதை 0.03ஆல் பெருக்கினால் கரைந்துள்ள அளவு 1.2. இரண்டின் விகிதம் 20. அதன் மடக்கை 1.3, அதோடு இந்தத் தாங்கலின் பிகேஏ மதிப்பான 6.1ஐக் கூட்டினால் பிஎச் 7.4. இப்போது மூச்சு போதாமல் கார்பன் டைஆக்சைடு 80 ஆகிவிட்டது, பைகார்பனேட் இன்னும் மாறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 10 ஆகும், மடக்கை 1, பிஎச் 7.1. சிறுநீரகம் பைகார்பனேட்டைத் தேக்கிவைத்து ஏன் ஈடுகட்ட வேண்டும் என்பதை இனி யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் விகிதத்தை மறுபடி 20ஐ நோக்கித் தள்ள வேறு வழியில்லை என்பது கணக்கிலேயே தெரிகிறது. நுரையீரல் இதைவிட எளிய வழியில் சரிசெய்யும் என்று சொல்ல வருகிறவர்களுக்கு: இங்கே கெட்டிருப்பதே நுரையீரல்தான்.

மார்ச் 11

கணிப்பான் இல்லாத தேர்வுகளில் இயற்பியல் பாதியில் நிற்பதற்குப் பல நேரங்களில் இயற்பியல் காரணமாவதில்லை. சமன்பாடு சரியாக எழுதப்பட்டிருக்கும். எண்களைப் போட்டவுடன் கை ஓடாது. 2, 3, 7 ஆகியவற்றின் மடக்கைகள் 0.30, 0.48, 0.85 என்று நினைவிருந்தால் பிஎச் கணக்குகளில் பெரும்பகுதி முடிந்துவிடும். ஹைட்ரஜன் அயனிச் செறிவு 4 பெருக்கல் 10இன் எதிர் 8ஆம் அடுக்கு என்றால், 8இலிருந்து 0.60ஐக் கழித்து 7.4. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொள்வதில் குற்றமில்லை. ஆனால் தரப்பட்ட நான்கு விடைகளும் மிக நெருக்கமாக இருந்தால் 9.8ஐத்தான் எடுக்க வேண்டும். எனவே கணக்கிடத் தொடங்குமுன் விடைகளுக்கிடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அலகுகளை எழுதிக்கொண்டே போவதும் நல்ல பழக்கம். ஆற்றல் கேட்கப்பட்ட இடத்தில் நியூட்டன் வந்து நின்றால் எங்கோ ஒரு மீட்டர் தவறியிருக்கிறது.

மார்ச் 12

தேர்வு முறையைப் பொறுத்து எல்லாம் மாறாதா என்று கேட்டவருக்கு: ஓரளவு மாறும். நீட் தேர்வில் 180 வினாக்கள், 180 நிமிடங்கள். உயிரியலுக்கு 90, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 45. இயற்பியலைக் கைவிடுவது 720 மதிப்பெண்களில் 180ஐத் தொடாமலே விட்டுவிடுவதாகும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான எம்கேட் நுழைவுத் தேர்விலோ அப்படிக் கைவிடவும் வழியில்லை. அங்கே வேதியியலும் இயற்பியலும் உயிர் மண்டலங்களின் அடிப்படைகள் என்ற பெயரில் ஒரே பகுதிக்குள் வருகின்றன. 59 வினாக்களுக்கு 95 நிமிடங்கள். பெரும்பாலானவை ஓர் ஆய்வுப் பத்தியை ஒட்டி அமைந்தவை. முதல் வகைத் தேர்வில் வேகமும் பாடநூல் துல்லியமும் கூடுதலாகத் தேவைப்படும். இரண்டாம் வகையில் அறிமுகமில்லாத வரைபடத்தைப் படிக்கும் பொறுமை தேவைப்படும். ஆனால் அடித்தளம் ஒன்றே.

உதாரணமாக, போட்டித் தடுப்பான் இருந்தால் நொதியின் மைக்கேலிஸ் மாறிலி (உச்ச வேகத்தில் பாதியை எட்டத் தேவையான வினைபொருள் செறிவு) கூடும், உச்ச வேகம் மாறாது என்ற வரியை எல்லோரும் படித்திருப்பார்கள். வினைபொருளை மிகுதியாகச் சேர்த்தால் அது தடுப்பானை நொதியின் செயலிடத்திலிருந்து விலக்கிவிடும் என்ற காரணம் தெரிந்தவர், தலைகீழ் மதிப்புகளால் வரைந்த லைன்வீவர்-பர்க் வரைபடத்தில் இரண்டு கோடுகளும் செங்குத்து அச்சில் சந்திப்பதைப் பார்த்தவுடன் விடையைச் சொல்லிவிடுவார். வரியை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த வரைபடம் புதிய பாடமாகத் தோன்றும்.

மார்ச் 12, பின்குறிப்பு

ஊகித்து விடையளிப்பது பற்றி. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு, தெரிவுகள் நான்கு என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாகக் கால் மதிப்பெண் கிடைக்கும். அதை நம்பி எவரும் மருத்துவராக முடியாது. இரண்டு தெரிவுகளைக் காரணத்தோடு நீக்கிவிட்டால் அந்தச் சராசரி ஒன்றரை ஆகிறது. நீக்குவதற்கு இயற்பியலின் அலகுச் சோதனை ஒன்றே பல இடங்களில் போதும்.

மார்ச் 16

பிழைக் குறிப்பேடு வைத்திருக்கச் சொல்லி வேறோர் இடத்தில் முன்பு எழுதியிருந்தேன். அதை நினைவூட்டி, எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறார்கள். தவறிய வினாக்களைப் பாடவாரியாக அடுக்குவதில் பயன் குறைவு. பாடமே தெரியாதது, தெரிந்தும் நினைவுக்கு வராதது, வினாவைத் தவறாக வாசித்தது, கணக்கில் சறுக்கியது, நேரம் போதாதது என்று காரணவாரியாக அடுக்குங்கள். "தவறானது எது?" என்று கேட்ட வினாவுக்குச் சரியானதைக் குறித்துவிட்டு, அந்தப் பாடத்தை மறுபடி முழுவதும் படிக்க உட்காரும் மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தேவைப்பட்டது வினாவின் கடைசிச் சொல்லின் கீழே ஒரு கோடு.

மார்ச் 19

முந்தைய குறிப்பைச் சற்றுக் குறுக்குகிறேன். ஐந்து வகைகளுக்கு ஐந்து நிற மைகள், ஓரங்களில் பூவேலை, முகப்பில் தேர்வு நாள் என்று ஒரு குறிப்பேட்டின் படத்தை ஒருவர் அனுப்பியிருக்கிறார். மிக அழகாக இருக்கிறது. அதைத் தயாரிக்கச் செலவான நேரத்தில் ஒரு மாதிரித் தேர்வை எழுதி முடித்திருக்கலாம். ஒவ்வொரு பிழைக்கும் ஒரே வரி போதும்: எதைக் கவனித்திருந்தால் இந்த வினா சரியாகியிருக்கும்? அந்த வரியை எழுத முடியாவிட்டால் பிழை இன்னும் புரியவில்லை என்று பொருள்; புரியும்வரை நிறத்துக்கு வேலையில்லை.

மார்ச் 23

மரபியல் வினா ஒன்றைப் போட்டேன். அதற்கு வந்த விடைகள் இந்தப் பக்கத்தையே நிரப்பிவிட்டன. பெற்றோர் இருவரும் ஓர் ஒடுங்கு நோயின் கடத்திகள், அதாவது நோயில்லாமலே அதன் மரபணு ஒன்றைச் சுமப்பவர்கள். அவர்களுடைய நோயற்ற மகள் கடத்தியாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? பெரும்பாலோர் பாதி என்றார்கள். விடை மூன்றில் இரண்டு. நான்கு சம வாய்ப்புகளில் ஒன்று நோயுள்ள குழந்தை. மகள் நோயற்றவள் என்று வினாவே சொல்லிவிட்டதால் அந்த வாய்ப்பு நீங்கிவிட்டது. எஞ்சிய மூன்றில் இரண்டு, கடத்திகள். "நோயற்ற" என்ற ஒரு சொல்லைத் தாண்டிப் போனவர்களுக்கு, பெற்றோர் மரபணுக்களின் சேர்க்கைகளைக் காட்டும் பன்னெட் கட்டம் எவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தாலும் பயனில்லை.

இதையே நீட்டலாம். அந்த மகள் மணப்பவருடைய குடும்பத்தில் இந்த நோய் இருந்ததில்லை. மக்கள்தொகையில் 10,000 பேருக்கு ஒருவருக்கு நோய் இருக்கிறது. ஹார்டி-வெயின்பெர்க் விதிப்படி நோய் மரபணுவின் விகிதம் அதன் வர்க்கமூலம், அதாவது 100இல் ஒன்று. கடத்திகள் ஏறத்தாழ 50இல் ஒருவர். இவர்களின் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு, மூன்றில் இரண்டு பெருக்கல் 50இல் ஒன்று பெருக்கல் நான்கில் ஒன்று, அதாவது 300இல் ஒன்று. 1908இல் வெளியான இந்த விதியின் ஒரு பாதி, ஹார்டி என்ற கணிதவியலாளருடையது. மறுபாதி, வெயின்பெர்க் என்ற மருத்துவருடையது. கணிதமும் தேவையில்லை என்று யாரேனும் எழுதுமுன் சொல்லிவைக்கிறேன்.

ஏப்ரல் 2

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். புத்தகத்தை மூடி எழுதத் தொடங்கியபின் தனக்கு எதுவுமே தெரியாது போலத் தோன்றுகிறது என்கிறார். அவருக்கு முன்பு இருந்த அறிவுதான் இப்போதும் இருக்கிறது. இப்போது அதன் அளவு தெரிகிறது, அவ்வளவே. ஒரே அதிகாரத்தின் கணக்குகளை அடுத்தடுத்துப் போடாமல், மூன்று நான்கு அதிகாரங்களைக் கலந்து போடவும் சொல்லியிருக்கிறேன். எந்தச் சமன்பாட்டைப் பயன்படுத்த வேண்டும் என்பது அதிகாரத்தின் தலைப்பிலேயே தெரிந்துவிட்டால், வினாவின் கடினமான பாதியை யாரோ நமக்காகச் செய்துவைத்துவிட்டார்கள் என்று பொருள். தேர்வு அறையில் அந்தத் தலைப்பு இருக்காது.

ஏப்ரல் 6

அதே வாசகர் இன்று எழுப்பியிருக்கும் தடை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. நான்காம் அடுக்கு விதிப்படி பார்த்தால், நுண்தமனிகளைவிட மெல்லிய தந்துகிகளில்தானே தடை மிகுதியாக இருக்க வேண்டும், புத்தகம் ஏன் நுண்தமனிகளைச் சொல்கிறது என்று கேட்கிறார். தனியொரு தந்துகியை எடுத்தால் அவர் சொல்வது சரி. ஆனால் தந்துகிகள் மிகப் பெரும் எண்ணிக்கையில் பக்க இணைப்பில் இருக்கின்றன. மின்சுற்று அதிகாரத்தில் சம மின்தடைகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தத் தடை, ஒன்றின் தடையை எண்ணிக்கையால் வகுத்து வருவது போலவே இங்கும் நிகழ்கிறது.

நீளம் மாறாமல், ஒரு குழாய்க்குப் பதிலாகப் பாதி ஆரமுள்ள 16 குழாய்களைப் பக்க இணைப்பில் வையுங்கள். ஒவ்வொன்றின் தடையும் பழைய குழாயைப் போல 16 மடங்கு. மொத்தத் தடை பழையபடியே இருக்கும். குறுக்குவெட்டுப் பரப்போ, ஒவ்வொன்றும் கால் பங்கு என்பதால், மொத்தத்தில் 4 மடங்காகிவிடும். ஆகவே அதே அளவு இரத்தம் நான்கில் ஒரு பங்கு வேகத்தில் நகரும். 16க்கு மேல் ஒரு குழாயைச் சேர்த்தாலும் தடை முன்பைவிடக் குறைந்துவிடும், வேகமும் இன்னும் இறங்கும். தந்துகிகளில் இரத்தம் ஏன் ஆக்சிஜனைக் கொடுத்து வாங்கப் போதிய நேரம் தங்குகிறது என்ற அடுத்த வினாவுக்கும் இதிலேயே விடை இருக்கிறது. அதை அவரே எழுதி அனுப்பட்டும்.